பனிமனிதனும் படச்சுருளும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூரைக் கடந்து வடக்கே சிறிது தொலைவு சென்றால் வாலிகண்டபுரம் என்னும் பழம்பதியை அடையலாம். அங்கே வாலீசுவரர் கோயில் இருக்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் அக்கோயிலில், கிட்கிந்தையின் வேந்தனான வாலி சிவபெருமானை வழிபட்டான் என்பது தலவரலாறு. வாலி கண்ட புரம் ஆதலின் ஊருக்கு அப்பெயர் வந்தது என்று மக்கள் கூறுவர். வானர வீரன் வணங்கிய இடம் என்று கேட்டு அக்கோயிலுக்குச் செல்வோர் எவரும், "வாலியின் எலும்பு எங்கே? அவனுடைய கால்தடம் எங்கே?" என்று வினவுவதில்லை. வினவ வேண்டிய தேவையும் இல்லை. அக்கதை விலங்கியல் பேச வந்ததன்று. எத்துணை வலிமை உடையவனும் தலை வணங்கும் இடம் ஒன்று உண்டு என்று பேச வந்தது.

இக்காலத்தில் வேறொரு வகை வானரக் கதை நம் வீட்டுக்குள் வந்து போகிறது. அது தன்னைப் புராணம் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆவணப்படம் என்று சொல்லிக்கொள்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியிலும் கைப்பேசியிலும் அதனைக் காணலாம். நள்ளிரவுக் காடு, பச்சை நிறம் படர்ந்த மங்கலான காட்சி, எங்கோ ஒரு கிளை முறியும் ஓசை, "அது என்ன?" என்று மூச்சை அடக்கிக் கேட்கும் ஒரு குரல். இமயத்தில் பனிமனிதன், வட அமெரிக்காவில் 'பிக்ஃபுட்' எனப்படும் பெருங்காலன், மேகாலயத்துக் காரோ மலைகளில் 'மண்டே பருங்' என்று இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும் உருவம் ஏறக்குறைய ஒன்றே. மனிதனைப் போல் இரு கால்களால் நடப்பது, குரங்கைப் போல் உடலெங்கும் மயிர் உடையது, ஆளுயரத்தை மிஞ்சியது. ஒரு மணி நேரம் ஓடும் படத்தின் முடிவிலும் அவ்விலங்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆயினும், 'அது இருக்கத்தான் வேண்டும்' என்னும் எண்ணம் மட்டும் பார்த்தவர் நெஞ்சில் தங்கிவிடுகிறது.

தலபுராணத்தை ஐயுறாத நாம் இப்படங்களை மட்டும் ஏன் ஐயுற வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். புராணம் கேட்போரின் நெஞ்சத்தை நோக்கிப் பேசுகிறது. ஆவணப்படமோ, "இதோ சான்று" என்கிறது. சான்று என்ற சொல்லை எடுத்த அப்பொழுதே அது நீதிமன்றக் கூண்டில் ஏறிவிடுகிறது. கூண்டில் ஏறியவர் குறுக்கு விசாரணைக்கு உடன்பட வேண்டும் அன்றோ? ஆகவே, குரங்கு மனிதனைப் பற்றிய படங்கள் திரும்பத் திரும்பக் காட்டும் சான்றுகளை ஒவ்வொன்றாக அழைத்து விசாரித்துப் பார்ப்போம்.

முதலில் பெயரை விசாரிப்போம். இமயமலையில் வாழும் ஷெர்ப்பா மக்கள் 'யெட்டி' என்ற உயிரைப் பற்றி நெடுங்காலமாகக் கதை சொல்லி வருகின்றனர். உலகமெங்கும் பரவிய 'அருவருக்கத்தக்க பனிமனிதன்' என்ற ஆங்கிலப் பெயரோ 1921ஆம் ஆண்டில் கல்கத்தாவில் பிறந்தது. அவ்வாண்டு எவரெஸ்டுச் சிகரத்துக்கு வழி காணச் சென்ற ஆங்கிலேயக் குழுவின் தலைவர் ஹோவர்டு-பரி, உயர்ந்த கணவாய் ஒன்றில் பனிமேல் சில தடங்களைக் கண்டார். அவை ஓநாயின் தடங்களாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. சுமை தூக்கி வந்தவர்கள் அவற்றைப் பனிக்காட்டு மனிதனின் தடங்கள் என்றனர். கல்கத்தாவில் வெளிவந்த 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் எழுதிவந்த ஹென்றி நியூமன் என்பவர் அவர்கள் கூறியதைக் கேட்டு, உள்ளூர்ப் பெயரைத் தவறாகப் பெயர்த்து வெளியிட்டார். பெயர்ப்பு பிழையானது; பெயரோ கவர்ச்சியானது. ஓநாய் என்று கூறிய கருத்தை உலகம் மறந்தது. பெயர் மட்டும் நிலைத்து, அந்தப் பெயருக்கு ஏற்ற உருவத்தைத் தேடப் பலர் புறப்பட்டனர். பெயர் ஒன்று இருப்பதாலேயே அதற்குரிய பொருளும் இருக்க வேண்டும் என்று எண்ணுவது மனித மனத்தின் இயல்பு. ஆனால் அஃது ஒரு சான்று ஆகாது.

இரண்டாவது சாட்சி கால்தடம். 1951ஆம் ஆண்டில் எரிக் ஷிப்டன் என்னும் மலையேறி, நேபாள எல்லையை ஒட்டிய மென்லுங் பனியாற்றில் பெரிய தடம் ஒன்றைக் கண்டு, அளவு தெரியும் பொருட்டுப் பனிக்கோடரியை அருகில் வைத்துப் படம் பிடித்தார். பனிமனிதனைப் பற்றிய ஆவணப்படம் எதுவும் அந்தப் புகைப்படத்தைக் காட்டாமல் விடுவதில்லை. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இந்திய இராணுவமும், மக்காலு மலையடிவார முகாமின் அருகே தன் மலையேறும் குழு 32 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள தடங்களைக் கண்டதாகச் சமூக ஊடகத்தில் படங்களை வெளியிட்டது. அத்தகைய தடங்கள் கரடிக்கு உரியவை என்று அப்பகுதி மக்கள் கூறியதாக நேபாளத்தினர் தெரிவித்தனர்.

பனி ஒரு நல்ல சாட்சியா என்று எண்ணிப் பாருங்கள். ஈர மண்ணில் பதிந்த தடம் காய்ந்தபின் ஓரளவு தன் வடிவைக் காத்துக்கொள்ளும். பனியில் பதிந்த தடமோ வெயில் ஏற ஏற விளிம்பு உருகி அகன்றுகொண்டே போகும். நாயின் அடி சிறுத்தையின் அடியாகும். சிறுத்தையின் அடி பூதத்தின் அடியாகும். மேலும், கரடி நடக்கும்போது முன்னங்கால் பதிந்த இடத்தின் மேலேயே பின்னங்கால் படிவதுண்டு. இரண்டு தடங்களும் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட ஒற்றைத் தடம் போல் தோன்றும். நான்கு கால்களால் நடந்து சென்ற விலங்கு இரண்டு கால்களால் நடந்ததாகக் காட்சி தருவது இவ்வாறுதான். 'தடம் பெரிது' என்பதிலிருந்து 'விலங்கு பெரிது' என்று முடிவு செய்வதற்கு முன், தடம் பதிந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று கேட்க வேண்டும். படங்களில் அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

மூன்றாவது சாட்சி உச்சந்தலைத் தோல். நேபாளத்தின் கும்ஜுங் சிற்றூர் மடத்தில் பனிமனிதனின் மயிரடர்ந்த தலைத்தோல் என்று ஒன்றைப் போற்றிப் பாதுகாத்து வந்தனர். எவரெஸ்டுச் சிகரத்தை வென்ற எட்மண்டு ஹில்லாரி 1960ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சிக் குழுவுடன் அங்குச் சென்றார். ஊராரின் இசைவைப் பெற்று, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டு, அத்தோலைச் சிகாகோ, பாரிஸ், இலண்டன் ஆகிய நகரங்களுக்கு எடுத்துச் சென்று அறிஞர்களிடம் காட்டினார். அது 'செரோ' என்னும் மலையாட்டு இனத்தின் தோலை அச்சில் பொருத்தி உருவாக்கியது என்பது தெரிந்தது. இதனால் அவ்வூர் மக்களைப் பொய்யர் என்று கூறிவிடக் கூடாது. திருவிழாவில் நாம் சூடும் வேடம் எவ்வாறு பொய்யாகாதோ, அவ்வாறே சடங்குக்கென்று செய்த தலையணியும் பொய்யாகாது. சடங்குப் பொருளை விலங்கின் உறுப்பு என்று விளம்பரம் செய்த வெளியாரே பிழை செய்தவர்.

நான்காவது சாட்சியே படச்சுருள். இதனைச் சற்று விரிவாகக் காண வேண்டும். அமெரிக்க நாட்டில், கலிபோர்னியா மாநிலத்தின் வடபகுதியிலுள்ள பிளஃப் கிரீக் என்னும் ஓடைக்கரையில், 1967ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் ரோஜர் பாட்டர்சன், பாப் கிம்லின் என்னும் இருவர் ஒரு நிமிடத்துக்கும் குறைவான படம் ஒன்றை எடுத்தனர். மயிரடர்ந்த உருவம் ஒன்று கைகளை வீசி நடந்து, ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மரங்களுக்கிடையே மறைகிறது. உலகில் மிகுதியாக விவாதிக்கப்பட்ட படச்சுருள்களுள் இதுவும் ஒன்று. இதில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பாட்டர்சன் தற்செயலாக அவ்வழியே சென்றவர் அல்லர். பெருங்காலனைப் பற்றிப் படம் எடுப்பதற்காகவே வாடகைக்குப் பெற்ற கருவியுடன் சென்றவர். அந்த ஓடைப் பகுதியில் 1958ஆம் ஆண்டிலேயே பெரிய கால்தடங்கள் தோன்றிச் செய்தித்தாள்களில் பரபரப்பு உண்டாக்கியிருந்தன. அங்குச் சாலை அமைத்த ஒப்பந்தக்காரர் ஒருவர் 2002ஆம் ஆண்டில் மறைந்தபின், தடம் பதிக்க அவர் பயன்படுத்தியவை என்று கூறி மரத்தால் செதுக்கிய பெரும் பாதங்களை அவர் குடும்பத்தார் வெளியே எடுத்துக் காட்டினர்.

பாட்டர்சன் படத்தில் இருப்பது விலங்கா, தோலுடை அணிந்த மனிதனா? உடை அணிந்து நடந்தவன் நானே என்று பிற்காலத்தில் ஒருவர் கூறினார். அவர் கூற்றும் ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை. அளந்து முடிவு கூறலாம் என்றால், அங்கும் ஓர் இடர் நிற்கிறது. வினாடிக்கு எத்தனை படங்கள் என்ற வேகத்தில் கருவி ஓடியது என்பது உறுதியாகக் குறித்து வைக்கப்படவில்லை. 24 என்று கொண்டால் அந்நடை மனித நடையோடு பொருந்துகிறது. 16 அல்லது 18 என்று கொண்டால் அப்பொருத்தம் குறைகிறது. ஒரே சுருள், ஓட்டும் வேகத்துக்கு ஏற்ப வெவ்வேறு தீர்ப்பைத் தருகிறது. தராசு முள்ளே எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரியாத இடத்தில் எடையைப் பற்றி வாதாடுவதில் பயன் என்ன? இந்தப் படம் வெளிவந்து அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கருவிகள் நுட்பம் பெற்றுவிட்டன. இன்று ஏறக்குறைய ஒவ்வொருவர் கையிலும் படக்கருவி இருக்கிறது. ஆனால் பெருங்காலனின் உருவம் மட்டும் அன்று போலவே இன்றும் மங்கலாகவே இருக்கிறது. கருவி தெளிவாகத் தெளிவாகக் காட்சியும் தெளிவடைந்திருக்க வேண்டும் அன்றோ?

சான்று இவ்வளவு மெலிந்ததாக இருந்தும் படங்கள் நம்மை எவ்வாறு நம்பவைக்கின்றன? அதற்கென ஒரு கைத்திறன் உண்டு. முதலாவது, அறிவிப்பாளர் எதனையும் உறுதியாகக் கூறமாட்டார், "இருக்கக்கூடுமோ? மறைத்துவிட்டார்களோ?" என்று வினாவாகவே தொடுப்பார். வினாவுக்குப் பொய் என்ற குற்றம் சாராது. விடையைப் பார்ப்பவர் தாமே கூறிக்கொள்வார். இரண்டாவது, நடிகரைக் கொண்டு எடுத்த காட்சியையும் காட்டில் எடுத்த காட்சியையும் மாற்றி மாற்றிக் கோப்பர். சிறிது நேரத்தில் எது நடிப்பு, எது நடந்தது என்ற வேறுபாடு மறைந்துபோகும். மூன்றாவது, இசை. ஒன்றும் தோன்றாத புதரின் மேல் அச்சமூட்டும் இசையைப் பொருத்தினால் புதரே விலங்காகிவிடும். அந்தப் பகுதியை ஒலியின்றி ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். புதர் மீண்டும் புதராகிவிடும்.

இக்கைத்திறன் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2012ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்று எடுத்துக்காட்டாகும். 'அனிமல் பிளானட்' தொலைக்காட்சி, நீரில் வாழப் பழகிய குரங்கின மூதாதையர் வழியில் கடற்கன்னியர் தோன்றினர் என்று கதை புனைந்து, அதனை ஆவணப்படத்தின் சாயலில் ஒளிபரப்பியது. அறிவியலாராகத் தோன்றியவர்கள் நடிகர்கள். அது புனைவு என்னும் குறிப்பு எளிதில் கண்ணில் படாதவாறு சுருக்கமாக வந்து மறைந்தது. படத்தை உண்மையென்று நம்பியோர் மிகப் பலர். இறுதியில், அமெரிக்க அரசின் கடல் ஆராய்ச்சித் துறையே கடலில் மனித உருவ உயிர்கள் வாழ்வதற்கு எவ்விதச் சான்றும் இல்லை என்று அறிவிக்க நேர்ந்தது. அதே தொலைக்காட்சி 2011 முதல் 2018 வரை பெருங்காலனைத் தேடும் தொடர் ஒன்றையும் நடத்தியது. 'கண்டுபிடித்தல்' என்னும் பொருளுடைய சொல் அத்தொடரின் தலைப்பிலேயே இருந்தது. கண்டுபிடிப்பு மட்டும் நிகழவில்லை. தேடல் முடிந்தால் தொடர் முடிந்துவிடும். தொடர் முடிந்தால் விளம்பர வருவாய் நின்றுவிடும். ஆகவே, கிடைக்காமல் இருப்பதே அத்தகைய வாணிகத்துக்கு முதலீடு என்பதை மாணவர்கள் உணர வேண்டும்.

ஐந்தாவது சாட்சியாகிய மயிரும் எலும்பும் பிற சாட்சிகளைப் போன்றவை அல்ல. அவற்றின் மரபணுவைச் சோதித்து விடை காணலாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பிரயன் சைக்ஸ் என்பவர், குரங்கு மனிதனுக்கு உரியவை என்று உலகின் பல பகுதிகளிலிருந்து அனுப்பப்பட்ட மயிர்களுள் 30 மாதிரிகளின் மரபணுவை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். கரடி, பசு, குதிரை, முள்ளம்பன்றி, மனிதன் என்று எல்லாம் நாம் அறிந்த உயிர்களாகவே அமைந்தன. லடாக்கிலிருந்தும் பூட்டானிலிருந்தும் வந்த இரண்டு மட்டும் பண்டைய துருவக் கரடி ஒன்றின் மரபணுவோடு ஒத்துள்ளதாக அவர் கூறினார். பிற ஆய்வாளர் அதனை மீண்டும் ஆராய்ந்து, அவை இமயமலைப் பழுப்புக் கரடிக்கு உரியவை என்று திருத்தினர். 2017ஆம் ஆண்டில், பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்லட் லிண்ட்குவிஸ்ட் என்னும் அம்மையார் பனிமனிதனுடையவை எனப்பட்ட 9 மாதிரிகளை ஆராய்ந்தார். எட்டு, கரடிகளுக்கு உரியவை. ஒன்று நாய்க்கு உரியது. மேகாலயத்து மண்டே பருங்கின் மயிர் என்று கருதியதும் 2008ஆம் ஆண்டில் சோதிக்கப்பட்டு, 'கோரல்' என்னும் மலையாட்டின் மயிராக முடிந்தது.

இங்கு நடுநிலை தவறாமல் ஒன்று கூற வேண்டும். லிண்ட்குவிஸ்ட் ஆராய்ந்த மாதிரிகளைத் திரட்டித் தந்தவர்கள் ஆவணப்படம் எடுக்கச் சென்றவர்களே. அவர்கள் தம் கையிலிருந்த மயிரைக் காட்டி வியப்பதோடு நிற்கவில்லை. தமக்குப் பாதகமான விடை வரக்கூடும் என்று தெரிந்தும் அதனை ஆராய்ச்சிக்கூடத்தில் ஒப்படைத்தனர். அதனால் இமயமலைக் கரடிகளின் கால்வழியைப் பற்றி உலகுக்குப் புதிய அறிவு கிடைத்தது. ஆகவே ஆவணப்படம் என்றாலே பொய் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சோதனைக்குத் தன்னை ஒப்படைக்கும் படமும் உண்டு. சோதனையைக் கண்டு ஓடும் படமும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே கற்றவர் கடமை.

"அறிவியலார் புதியதை ஏற்க மறுப்பவர்கள், அதனால்தான் குரங்கு மனிதனையும் மறுக்கிறார்கள்" என்னும் வாதத்தை இப்படங்களில் அடிக்கடி கேட்கலாம். வரலாறு அவ்வாறு கூறவில்லை. கொரில்லாவைப் பற்றி ஆப்பிரிக்கக் கரையில் வழங்கிய கதைகளை ஐரோப்பியர் முன்பு ஐயுற்றனர். மண்டையோடுகள் கிடைத்ததும் 1847ஆம் ஆண்டில் அதனை முறைப்படி விவரித்து ஏற்றுக்கொண்டனர். நம் நாட்டிலேயே அருணாசலப் பிரதேசத்தில் அதுவரை அறிவியல் அறியாத குரங்கினம் ஒன்றை இந்திய ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2005ஆம் ஆண்டில் விவரித்தனர். திபெத்துப் பகுதியில் வெண்கன்னக் குரங்கு என்னும் மற்றோர் இனம் 2015ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. இவ்விரண்டுக்கும் முதலில் துணைநின்றவை புகைப்படங்களே! அறிவியலுக்குப் படத்தின் மேல் பகை இல்லை. அப்படங்கள் தெளிவாக இருந்தன, பலவாக இருந்தன, ஐயமுற்ற எவரும் அக்காடுகளுக்குச் சென்று அக்குரங்குகளைத் தம் கண்ணால் காண முடிந்தது.

இமயம் பரந்தது, அதில் ஓர் உயிர் ஒளிந்திருக்கக் கூடாதா என்றும் கேட்பர். பனிச்சிறுத்தையை நினையுங்கள். மனிதர் அரிதாகச் செல்லும் உயரங்களில், பாறையின் நிறத்தோடு கலந்து வாழும் விலங்கு அது. ஆயினும் 1,971 இடங்களில் தானியங்கிப் படக்கருவிகளை வைத்து எடுத்த கணக்கின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் உள்ளன என்ற மதிப்பீடு 2024ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. அவற்றுள் 241 சிறுத்தைகளைத் தனித்தனியே அடையாளம் கண்டுள்ளனர். பனிமனிதன் என்று ஒருவன் இருந்தால் அவன் ஒருவனாகவே ஊழிதோறும் வாழ முடியாது. தாய் தந்தை வேண்டும், துணை வேண்டும், குட்டிகள் வேண்டும், நூற்றுக்கணக்கில் கூட்டம் வேண்டும். அத்துணை உயிர்களும் உண்ணும், கழிக்கும், நோயுறும், இறக்கும். சிறுத்தையைக் கண்ட கருவிகளுக்குச் சிறுத்தையினும் பன்மடங்கு பெரிய உயிர்க்கூட்டம் மட்டும் புலப்படாமற் போகுமா?

இனி இமயத்தை விட்டு, நாம் தொடங்கிய வாலிகண்டபுரத்தின் சுற்றுப்புறத்துக்கே திரும்புவோம். மறைந்த உயிர்கள் தம் சான்றை எவ்வாறு விட்டுச் செல்லும் என்பதைக் கற்பதற்கு இதனினும் சிறந்த பள்ளிக்கூடம் இல்லை. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பெரும்பகுதி பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது. காரைப் பகுதியின் செம்மண் பள்ளங்களில் கடல்வாழ் உயிர்களின் எச்சங்கள் இன்றும் கிடைக்கின்றன. சாத்தனூரில் ஏறத்தாழ 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு அறிவித்தார். கோடி ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த மரம் ஒன்று தன் வடிவைக் காட்டிக் கிடக்கும்போது, இன்று வாழ்வதாகக் கூறும் பெருவிலங்கு ஓர் எலும்பையேனும் விட்டுவைக்க வேண்டாவா?

இதே மண்ணில் ஆவணப்படக் கைத்திறனுக்கு ஒப்பான ஒன்றும் நிகழ்ந்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டை வடிவக் கற்கள் பல வெளிப்பட்டன. அவை டைனோசர் முட்டைகள் என்னும் செய்தி படங்களோடு கைப்பேசிகளில் காட்டுத்தீயெனப் பரவியது. நேரில் சென்று பார்த்த வல்லுநர்கள், அவை முட்டைகள் அல்ல. பண்டைக் கடலடியில் உயிரெச்சங்களைச் சுற்றிச் சேறு படிந்து இறுகித் திரண்ட உருண்டைகளே என்று விளக்கினர். உருவ ஒற்றுமை ஒன்றே கண்ணை ஏமாற்றப் போதுமானதாயிற்று.

ஐயுறும் பண்பை அறிவியலார் பாமரரிடம் மட்டும் காட்டுவதில்லை; தமக்குள்ளும் காட்டிக்கொள்கின்றனர். அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளைக் கொண்டு, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சார்ந்த யாதகிரி, அய்யாசாமி ஆகிய இருவர் 1980களில் 'பிருகத்காயோசாரஸ்' என்னும் டைனோசரை விவரித்தனர். உலகிலேயே மிகப் பெரிய நிலவிலங்குகளுள் ஒன்றாக அஃது இருந்திருக்கலாம். தமிழ்நாட்டுக்கு அதைவிடப் பெருமை வேறு என்ன வேண்டும்? ஆனால் அவ்வெலும்புகள் மிகவும் நொறுங்கும் தன்மையுடையன. அவை சிதைந்து அழிந்துபோயின. வரைபடங்களும் குறிப்புகளுமே எஞ்சின. உடனே உலக அறிஞர்கள் அதன் பெயருக்கு அருகே ஒரு கேள்விக்குறியை வைத்தனர். அவை எலும்புகள்தாமா, கல்லான மரங்களா என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். 2022ஆம் ஆண்டில் அய்யாசாமியும் மற்றோர் ஆய்வாளரும் பழைய புகைப்படங்களை வெளியிட்ட பின்னரே அந்த ஐயம் ஓரளவு தளர்ந்தது. கண்டவர்கள் பயிற்சி மிக்க வல்லுநர்கள். அரசு நிறுவனத்தைச் சார்ந்தவர்கள். ஆயினும் பொருள் கையில் இல்லை என்றதும் அவர்கள் சொல்லும் தராசில் ஏற்றப்பட்டது. பொருளே இல்லாத பனிமனிதனுக்கு மட்டும் அத்தராசு எதற்காக வளைய வேண்டும்?

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு, நம்பினால் என்ன கேடு என்று கருதுவோரும் உளர். 2001ஆம் ஆண்டு மே மாதம் தில்லி நகரில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இரவில் குரங்கு மனிதன் ஒருவன் வந்து மக்களைப் பிறாண்டுகிறான் என்ற வதந்தி பரவியது. நாளுக்கு நாள் செய்திகள் பெருகின. காவல்துறைக்கு நூற்றுக்கணக்கான அழைப்புகள் வந்தன. ஒருவர் கண்ட உருவம் மற்றவர் கண்ட உருவத்தோடு ஒத்திருக்கவில்லை. வெப்பமும் மின்வெட்டும் மிக்க அந்நாட்களில் மொட்டை மாடியில் உறங்கியோர், "வந்துவிட்டான்!" என்ற கூக்குரலைக் கேட்டு அஞ்சி ஓடினர், மாடியிலிருந்து விழுந்து சிலர் உயிரிழந்தனர். ஐயத்தின்பேரில் வழிப்போக்கர் சிலர் அடியுண்டனர். பின்னர் மருத்துவ வல்லுநர்கள் ஆராய்ந்து, குரங்கு மனிதன் எவனும் இல்லை, கூட்டத்தைப் பற்றிய அச்சமே காரணம் என்ற முடிவுக்கு வந்தனர். இல்லாத விலங்கு ஒன்று உண்மையான உயிர்களைக் குடித்தது. கைப்பேசி வதந்தி நொடியில் ஊரெங்கும் பரவும் இந்நாளில் இச்செய்தியை நாம் மறத்தல் ஆகாது.

ஆகவே, மாணவர்கள் இத்தகைய படத்தைக் காணும்போது சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளட்டும். சான்று என்று காட்டும் பொருள் இப்பொழுது எங்கே இருக்கிறது? அதனைப் பிறர் சென்று சோதிக்க முடியுமா? அறிஞர் என்று பேசுபவர் எந்தத் துறையில் அறிஞர்? எடுத்த காட்சி எது, நடித்த காட்சி எது? இதே தடயத்தை நாம் அறிந்த கரடியோ ஆடோ விட்டிருக்கக் கூடாதா? இறுதியாக, எந்தச் சான்று கிடைத்தால் இப்படம் எடுத்தவர் தம் கருத்தை மாற்றிக்கொள்வார்? கடைசிக் கேள்விக்கு விடை இல்லையென்றால், அவர் ஆராயவில்லை, கதை சொல்லுகிறார். கதை சொல்லட்டும், நாமும் கதையென்றே கேட்டு மகிழ்வோம்.

வியப்பை இழக்க வேண்டும் என்பது இதன் பொருள் ஆகாது. வியப்புக்குரிய உயிர்கள் நம் அண்டையிலேயே வாழ்கின்றன. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் வறண்ட குன்றுக்காடுகளில் தேவாங்கு வாழ்கிறது. குரங்கின் உறவினமாகிய அச்சிற்றுயிர் இரவில் மட்டும் உலவும். பெரிய வட்டக் கண்களால் இருளைத் துழாவும். பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்னும். மூடநம்பிக்கையாலும் பொய்மருத்துவத்தாலும் நெடுங்காலம் துன்புற்றது. அதன் பாதுகாப்புக்கென 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு கடவூர் தேவாங்கு சரணாலயத்தை 11,806 ஹெக்டேர் பரப்பில் அமைத்தது. இந்தியாவில் தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அதுவே. அங்கும் ஆராய்ச்சியாளர் இரவிலேதான் காட்டுக்குள் செல்கின்றனர். அச்சமூட்டும் இசை அவர்களுக்குத் தேவையில்லை. விளக்கொளியில் ஒரு கிளையில் இரண்டு கண்கள் செம்மையாக மின்னும். அவர்கள் நின்று பார்த்து, இடமும் நேரமும் குறித்துக்கொண்டு, அடுத்த மரத்தை நோக்கி நடப்பர். மறுநாள் ஐயமுடைய ஒருவர் சென்றாலும் அக்கண்களைக் காண முடியும்.